ஏழாவது எண்

"நாப்பது நிமிஷம் தர்றேன் மேடம், அதுக்கு மேல என்னால தாங்க முடியாது" என்று ஜெயசீலன் கதவைச் சாத்திக்கொண்டு போனபோது சுவர்க் கடிகாரம் பத்து பன்னிரண்டு காட்டியது, சௌந்தரவல்லியின் கைக்கடிகாரம் பத்து பதினொன்று காட்டியது, நடுவில் கிடக்கும் அந்த ஒரு நிமிஷம் யாருக்குச் சேர வேண்டும் என்று அவள் மனசு அங்கேயே கொஞ்சம் நின்றது, பிறகு நமக்குக் கெட்ட பக்கமாகவே வைத்துக்கொள்வோம் என்று சுவரை நம்பினாள். பத்து ஐம்பத்திரண்டு. ஐம்பத்திரண்டுக்கு அவன் வருவான், காணாமல் போன பக்கத்தை ஐந்து ஐந்து என்று நிரப்பச் சொல்வான், எஞ்சின் எழுந்துவிடும், அதோடு சேர்ந்து எழக் கூடாததெல்லாம் எழுந்துவிடும். ஒன்பது ஐந்துக்குக் கரண்டு போனது. யூபிஎஸ் தாங்க வேண்டியது, தாங்கவில்லை. டிஸ்க்கில் ஓர் இடம் வெந்துபோயிருந்தது, வெந்த இடத்தில் இருந்தது ஒரே ஒரு பக்கம், எட்டாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பைட், அதிகாரிகள் யாரும் பெயர்கூடக் கேள்விப்படாத பக்கம். டேட்டாபேஸ் எஞ்சினுக்குள் யார் எதைப் பதிந்தாலும் அந்தக் காரியத்துக்கு ஓர் எண் விழும். அந்த எண்ணுக்கு இந்தப் பக்கத்தில் இரண்டே இரண்டு பிட் இடம். பூஜ்யம் ஒன்று என்றால் நடந்தது. ஒன்று பூஜ்யம் என்றால் நடக்கவில்லை, பாதியில் கைவிட்டது. இரண்டும் பூஜ்யம் என்றால் இன்னும் முடியவில்லை. அவ்வளவுதான். பதிந்தது எத்தனை பெரிதாக இருந்தாலும் சரி, ஒரு பெண்ணின் பெயர், ஊர், உடைந்த எலும்புகள், டாக்டரின் குறிப்பு என்று பத்துப் பக்கம் நீண்டாலும் சரி, இந்த இரண்டு பிட் சொன்னால்தான் அது பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியும், இல்லையென்றால் அது அங்கேயே கிடக்கும், யாருக்கும் தெரியாது. பக்கம் முழுக்க ஐந்து ஐந்து என்று போட்டால், அதாவது பிட்டுக் கணக்கில் பூஜ்யம் ஒன்று பூஜ்யம் ஒன்று என்று போட்டால், எல்லாமே நடந்தது என்றாகிவிடும். வேண்டாம் என்று கைவிட்டதும் நடந்ததாகிவிடும். "செத்த ரெக்கார்டு பேயா வந்து புடிச்சுக்குமா மேடம்?" என்று ஜெயசீலன் சிரித்தான் காலையில். முப்பத்தெட்டு வயது, அவளைவிடப் பத்தொன்பது வருஷம் சிறியவன், மேலாளர், ஆகவே அவள் அவனை சார் என்கிறாள். பிடித்துக்கொள்ளும் சார் என்று சொல்ல வாய் வரவில்லை. வாய் வராதது அவளுக்குப் பழக்கம்.

திரையில் எண்களை எஞ்சினின் மற்றக் குறிப்புகளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது, நூற்றுக்கு முப்பத்தொன்று, முப்பத்தொன்று, முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. அடிபட்டு வெளியேறிய பெண்கள் தங்கும் பதினான்கு காப்பகங்கள், அத்தனைக்கும் கணக்கு இந்தத் திருச்சி அறையில், ஒரு ஏசி, மெஷின்களை அடுக்கிய இரண்டு அலமாரி, ஒரு சிவப்புத் தீயணைப்பான். அந்தத் தீயணைப்பானைத் தூக்கி அலமாரியின் முகத்தில் போட வேண்டும் என்று ஒன்பது இருபதிலிருந்து அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது, இரும்பு தகரத்தில் இறங்கும் சத்தம் எப்படி இருக்கும், முதலில் தகரம் நெளியும், பிறகு உள்ளே இருப்பது நொறுங்கும், எலும்பு அப்படி இல்லை, எலும்பு முதலில் உடையும், பிறகுதான் மேல் தோல் வீங்கும், அவளுக்குத் தெரியும். வேண்டாம். கணக்குக்கு வா. இன்றைக்கு வெள்ளிக்கிழமை, பதினொரு மணிக்குப் பார்வையாளர் நேரம், பதினான்கு வாசல்களிலும் காவலாளிகள் வருபவன் பெயரை இதே எஞ்சினில்தான் பார்ப்பார்கள், உள்ளே விடக் கூடாதவர் என்று கோர்ட்டும் போலீஸும் சொன்ன அறுபத்து மூன்று ஆண்கள் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். ஒருவன் மனைவியின் தம்பியை வெட்டியவன். ஒருவன் கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டு வெளியே தாழ் போட்டவன். எஞ்சின் பதினொன்றுக்கு எழவில்லையென்றால் அறுபத்து மூன்று பேரும் வெறும் பார்வையாளர்கள். அதனால் ஜெயசீலன் பதறுவதில் தப்பில்லை, அவன் ஒன்றும் கெட்டவன் இல்லை. பூஜ்யமாக நிரப்பிவிடலாமே என்று அவனே முதலில் சொன்னான், எல்லாம் நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம் என்று. அவள்தான் தலையாட்டினாள், புதன்கிழமை மத்தியானத்திலிருந்து வந்தவையெல்லாம் இந்தப் பக்கத்துக்குள் அடக்கம் சார், புதனும் வியாழனும் ஒன்பது பேர் புதிதாகப் பட்டியலில் ஏறினார்கள், பூஜ்யம் போட்டால் அந்த ஒன்பது பேருக்கும் கேட் திறக்கும். "அப்ப ஐந்து ஐந்து." ஐந்து ஐந்து போட்டால் கைவிட்டதெல்லாம் எழும் சார். "நீங்க என்ன மேடம், கோயில் நகையைச் சரிபாக்குற மாதிரி ஒவ்வொண்ணா வெளிச்சத்துல புடிச்சுப் பாக்குறீங்க." ஆமாம். ஒவ்வொன்றாகத்தான். முப்பத்தொன்பது.

பிளஸ் டூ வரைக்கும்தான் படிப்பு, பிறகு டைப்ரைட்டிங் ஹையர், பிறகு மோகனரங்கன். மோகனரங்கனோடு இரண்டு வருஷம் ஏழு மாதம். அந்த இரண்டு வருஷம் ஏழு மாதத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு முறை. எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால் காலண்டரின் பின்பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தேன் என்று சொல்வாள், யாரும் கேட்டதில்லை. கையால் அடித்தால் ஒரு கோடு, பொருளால் அடித்தால் குறுக்குக் கோடு. குறுக்குக் கோடு நாற்பத்தொன்று. இஸ்திரிப் பெட்டியால் இடது காதில் அடித்தது குறுக்குக் கோடா நேர்க் கோடா என்று அன்றைக்கு ரத்தம் வழிய உட்கார்ந்து யோசித்தாள், பெட்டி சூடாக இல்லை, ஆனாலும் பொருள்தான், குறுக்கே போட்டாள். காதுக்குள் ஒரு பொரி வெடித்த மாதிரி இருந்தது, பிறகு கடல் இரைச்சல், பிறகு ஒன்றும் இல்லை, இன்று வரை அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. ஸ்டேஷனுக்குப் போனாள். எழுதிக்கொண்டார்கள். மாமியாரும் கொழுந்தனும் வந்து பெஞ்சில் உட்கார்ந்து காப்பி வாங்கிக் கொடுத்தார்கள், அந்தக் காப்பியைக் குடித்தாள், அதுதான் இன்னும் எரிகிறது, குடித்தாள், சரிங்க நான் வாபஸ் வாங்கிக்கிறேன் என்றாள், ரைட்டர் தாளை அட்டையிலிருந்து உருவி நாலாக மடித்து மேசைக்கு அடியில் போட்டார். அடுத்த மாதம் விரல்கள் வீங்கிப் போனபோது முன்னாலேயே ஒரு தடவை வந்திருக்கேன் சார் என்றாள். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எழுத்துல இல்லையேம்மா" என்றார். கோபமாகக்கூட இல்லை. கனிவாக. எழுத்தில் இல்லையென்றால் நடக்கவில்லை. எஞ்சினும் அப்படித்தான். எஞ்சின் தான் செய்வதையெல்லாம் ஒரு லாக்கில் வரிசையாக எழுதிக்கொண்டே போகும், கமிட் என்ற ஒரு வரி அதில் விழுந்தால்தான் காரியம் நடந்தது, விழவில்லையென்றால் நடக்கவில்லை, யார் அழுதாலும் நடக்கவில்லை. இந்த விதி அவளுக்கு எப்படிப் பிடித்துப் போனது. தன்னைக் கொன்ற விதியை அவள் முப்பத்தோரு வருஷமாகக் காவல் காத்துச் சம்பளம் வாங்குகிறாள். விவரங்களைத் தட்டச்சு செய்யும் பஞ்ச் ஆபரேட்டராக வந்து, டிக்ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு எஞ்சினின் உள் எழுத்தை வரிவரியாகப் படித்து, இந்தக் கட்டடத்தில் அந்தப் பக்கத்தைப் பற்றித் தெரிந்த ஒரே ஆளாக ஆனாள், ஒரு பிட்கூடப் பொய்யாக எழுதியதில்லை. ஐம்பத்தேழு. ஐம்பத்தெட்டு. அவள் வயது ஐம்பத்தேழு, அதைத் தாண்டிவிட்டது.

மோகனரங்கனின் மணிக்கட்டை உடைத்ததுக்குக் கோடு போடவில்லை. அதுவும் நடந்ததுதான். அம்மிக் குழவியை இரண்டு கையாலும் தூக்கிப் போட்டாள், அவன் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் கையை ஊன்றிக்கொண்டிருந்தான், காய்ந்த முருங்கைக் குச்சி ஒடிகிற சத்தம், அவன் வாயில் சோறு இருந்தது, கத்தினபோது சோறு தெறித்தது, அவளுக்கு இன்னொரு முறை தூக்கலாமா என்றுதான் இருந்தது, தலை பக்கத்தில்தான் இருந்தது, நடுமண்டையில் வகிடு எடுத்து வாரியிருந்தான், குழவி அந்த வகிட்டுக்கு எத்தனை அங்குலம் என்றுகூடத் தோன்றியது. தூக்கவில்லை. பஸ் ஏறிவிட்டாள். அது கருணை இல்லை, கை வலித்தது, அவ்வளவுதான். இதை ஏன் இப்போது நினைக்கிறோம், திரையைப் பார், எண்பத்தெட்டு, தொண்ணூறு, நூறு. பத்து முப்பத்து மூன்று. பக்கத்தில் பயன்பட்ட எண்கள் இருபத்தோராயிரத்து முந்நூற்றாறு. லாக் பார்த்துக் கமிட் ஆனவை இருபதாயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்று. கைவிட்டதாக லாக்கே சொல்பவை நானூற்று இருபத்தெட்டு. இரண்டையும் கூட்டு, இருபத்தோராயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது. மிச்சம் ஏழு. தாளில் ஒரு முறை போட்டாள், மனசில் ஒரு முறை போட்டாள், ஏழுதான். ஒன்பது ஐந்துக்குக் கரண்டு போகும்போது லாக்கின் வாலும் கிழிந்திருந்தது, கடைசி நாலைந்து நொடி, அந்த நொடிக்குள் கமிட் வரி விழுந்ததா, விழுந்து வெந்துபோனதா, விழவே இல்லையா, தெரியாது. ஏழு பேர் அந்த நொடியில் பித்தானை அமுக்கியிருக்கிறார்கள். ஏழையும் ஒவ்வொன்றாகத் திறந்தாள். மூன்று காப்பகங்களின் காலை வருகைப் பதிவு. இரண்டு அரிசிக் கோரிக்கை. ஒரு பெயர்த் திருத்தம், முத்துமாரி என்பதை முத்துமாரியம்மாள் என்று. ஆறும் லாக்கில் இல்லை, விதிப்படி நடக்கவில்லை, மறுபடி அடித்துக்கொண்டால் போயிற்று, யாருக்கும் உயிர் போகாது. ஒன்று பூஜ்யம் என்று ஆறுக்கும் குறித்தாள். ஏழாவது எண்.

ஏழாவது எண் ஒரு ரெக்கார்டின் தலையில் இருந்தது. ஒவ்வொரு ரெக்கார்டின் தலையிலும் இரண்டு எண்களுக்கு இடம் உண்டு, இதைப் பிறப்பித்தது யார், இதை முடித்துவைத்தது யார் என்று. பிறப்பித்த எண் புதன்கிழமை மாலை நாலு பத்துக்கு, லாக்கில் சுத்தமாகக் கமிட் ஆகியிருக்கிறது, சந்தேகமே இல்லை. முடித்த எண்ணின் இடத்தில் ஏழாவது எண். அதாவது புதன்கிழமை பதிந்ததை இன்று காலை ஒன்பது ஐந்துக்கு யாரோ அழித்திருக்கிறார்கள், அல்லது அழிக்கத் தொடங்கிக் கரண்டு போயிருக்கிறது. என்ன ரெக்கார்டு என்று வெறும் பைட்டாகத் திறந்து பார்த்தாள், தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், கொம்பும் காலும் தனி, அவளுக்கு அது பல வருஷமாகத் தமிழாகவே தெரியும், விரலை வைத்துக் கூட்டிப் படித்தாள், இ, ச, க், கி, இசக்கியம்மாள், வயது இருபத்தாறு. வலது தாடை முறிவு. மூன்று பல். முதுகில் கொதித்த எண்ணெய், ஒரு சாண் நீளம். அதற்குக் கீழே, கணவரிடம் ஒப்படைப்பு ஆணை, சம்மதத்துடன். செய்தி அனுப்ப வேண்டிய நேரம், வெள்ளி காலை பத்து. பத்து மணி தாண்டிவிட்டது, எஞ்சின் செத்துக் கிடப்பதால் போகவில்லை, அவ்வளவே. செய்தி அனுப்புவது இங்கே இல்லை, தலைநகரில் வேறோர் அலுவலகம், அவர்கள் மெஷின் இந்த எஞ்சினையே பார்த்துக்கொண்டிருக்கும், எழுந்த நொடியில் ஆணை கண்ணில் பட்டால் அதே நொடியில் அவன் போனுக்குப் போய்விடும், உங்கள் மனைவி இன்ன ஊரில் இன்ன தெருவில் இருக்கிறார், வந்து அழைத்துச் செல்லலாம். ஜெயசீலன் காலையிலிருந்து அவர்களைக் கூப்பிடுகிறான், மணி அடிக்கிறது, எடுப்பதில்லை. வயரைப் பிடுங்கலாம், அதே வயரில்தான் பதினான்கு காப்பகமும் வருகிறது, அறுபத்து மூன்று பேரின் பட்டியலும் அதிலேயே போக வேண்டும். ஆக ஏழாவது எண். அழிப்பு நடந்தது என்று எழுதினால் ஆணை முடிந்துபோனது, யார் கண்ணுக்கும் தெரியாது. நடக்கவில்லை என்று எழுதினால் ஆணை உயிரோடு நிற்கும். இன்னும் ஒரு வழி இருந்தது, அதையும் பார்த்தாள். ஒரு காரியம் முடிந்தபின் அந்த ரெக்கார்டை முதலில் பார்க்க வருகிறவர், அந்தப் பக்கத்தில் நிலையை விசாரித்து, அடுத்தவருக்கு உதவியாக ரெக்கார்டின் மேலேயே ஒரு சிறு குறி வைத்துவிட்டுப் போவார், எஞ்சினின் பழக்கம் அது. குறி இருந்தால் பக்கம் போனாலும் கவலையில்லை. குறி இல்லை. ஒன்பது ஐந்துக்குப் பிறகு இசக்கியம்மாளை யாரும் பார்க்கவில்லை. கரண்டு போய்விட்டது, எப்படிப் பார்ப்பார்கள். காதில் பஞ்சை வைத்துக்கொண்டு சௌந்தரவல்லி ஒரு மாதம் தெருவில் நடந்தாளே, பக்கத்து வீட்டுக்காரி காய்க்காரனிடம் பேரம் பேசிக்கொண்டே அவளைத் தாண்டிப் பார்த்தாளே. எண்ணெய் ஒரு சாண் நீளம். அளந்தவர் யார். ஸ்கேல் வைத்தா, கையை வைத்தா. பத்து முப்பத்தொன்பது.

போனை எடுத்தாள். அவள் இந்த ரெக்கார்டுகளில் இருக்கும் யாரோடும் பேசியதில்லை, பெயர்கள் பெயர்களாகவே இருந்தால்தான் அவளுக்கு வேலை ஓடும். ஆணையைப் பதிந்தவள் பிரிஸ்கில்லா, அந்தக் காப்பகத்து ஆலோசகர். நாலாவது மணியில் எடுத்தாள். சௌந்தரவல்லி போனை வலது காதுக்கு மாற்றிக்கொண்டு, யார், எங்கிருந்து, எதற்கு என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

"அந்த ஆர்டரா? அழிச்சேன் மேடம். காலைல அவ வந்து வேண்டாம்னு சொன்னா, உடனே அழிச்சுட்டேன்."

"அழிச்சாச்சுன்னு திரையில வந்துச்சா?"

"அது... வட்டம் சுத்திட்டே இருந்துச்சு. அப்புறம் எர்ரர் வந்துருச்சு. ஆனா அழிச்சேன்."

"அமுக்கினீங்க. அழிஞ்சதா தெரியாது."

"மேடம், அமுக்கினா அழியணும்ல? எனக்கு என்ன தெரியும் உள்ள என்ன நடக்குதுன்னு? அதுக்குத்தானே நீங்க இருக்கீங்க."

அதற்குத்தான் இருக்கிறாள். உள்ளே என்ன நடந்தது என்று உள்ளே இருப்பவளுக்கும் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது. அமுக்கியவளுக்குத் தெரியாது, எழுத வேண்டிய எஞ்சினுக்கு ஞாபகம் இல்லை. "அவளே இங்கதான் இருக்கா, பேசுங்க" என்று பிரிஸ்கில்லா போனைக் கைமாற்றிவிட்டாள், வேண்டாம் என்பதற்குள் ஒரு மூச்சுச் சத்தம், பிறகு தாடை சரியாகத் திறக்காத குரல், தெற்கத்திப் பேச்சு.

"ஆருக்கா?"

"கம்ப்யூட்டர் ஆபீஸ்லேருந்து. நீங்க... புதன்கிழமை போறேன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன். எங்கம்மை வந்து கால்ல விழுந்தா. கையெழுத்துப் போட்டேன். பொய் சொல்ல மாட்டேன்க்கா."

"இன்னைக்கி?"

"இன்னைக்கி வேண்டாம்னேன். பிரிஸ்கில்லா டீச்சர் பக்கத்துலதான் ஒக்காந்திருந்தேன். அவுக அமுக்குனாவ, அந்த வட்டம் சுத்திச்சு, நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். பொறவு இருட்டாயிட்டு." கொஞ்சம் நிறுத்தினாள். "ஏன்க்கா, அழியலையா? அவனுக்குப் போயிருமா?"

"லைன்லயே இருங்க" என்றாள் சௌந்தரவல்லி.

பத்து நாற்பத்தாறு. போனை மேசையில் கவிழ்க்காமல் மல்லாத்தி வைத்தாள், அதிலிருந்து யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் சின்னதாக வந்துகொண்டிருந்தது. விதிப்படி லாக்கில் இல்லை, ஆகவே நடக்கவில்லை. ஆறுக்கும் அதே விதியைத்தானே வைத்தாய், ஏழாவதுக்கு மட்டும் என்ன தனி. அரிசியைப் பற்றி ஒருத்தி போனில் சொல்லியிருந்தால் நம்பியிருப்பாயா. லாக்கில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன் என்றிருப்பாய். இது இசக்கியம்மாளுக்காகவா, இடது காதுக்காகவா. சரியாகக் கேள். அந்த ரைட்டர் இருந்த நாற்காலியில் இன்று நீ இருக்கிறாய், அதனால் பழைய தாளை மேசைக்கு அடியிலிருந்து எடுத்து விரித்து வைக்க ஆசை, அவ்வளவுதானே, இந்தப் பெண்ணின் முதுகை அதற்கு ஒரு சாக்காக எடுத்துக்கொள்கிறாய். அப்படியும் இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும். அவன் வருவான், தெருவின் பெயர் தெரிந்தால் வருவான், முதல் தடவை பூ வாங்கிக்கொண்டு வருவான், வீட்டுக்குப் போகும் வழியில் பஸ்ஸில் தோளைத் தொட்டுக்கொண்டு வருவான், கதவைச் சாத்தும் வரைக்கும் நல்லவன், சாத்தினதும் தாடையைப் பிடிப்பான், ஒட்டின இடத்திலேயே பிடிப்பான், அங்கேதான் சீக்கிரம் உடையும் என்று அவன் கைக்குத் தெரியும், கைகளுக்கு அதெல்லாம் தெரியும். எண்ணெய் மறுபடி கொதிக்கும். பிறகு ஒரு ரெக்கார்டு வரும், இறப்பு, தேதி, நேரம், அது கமிட் ஆகிவிடும், அதில் சந்தேகமே இருக்காது, லாக்கில் சுத்தமாக விழும். நடந்தது என்று எழுதினால் பொய்யா. பொய் என்றால் நடக்கவில்லை என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாது. வரி விழுந்து வெந்திருக்கலாம். விழுந்ததற்கும் விழாததற்கும் டிஸ்க்கில் ஒரே கரி. அப்படியானால் எஞ்சினுக்குத் தெரியாத இடத்தில் விதி என்ன சொல்கிறது, தெரியாததை நடக்கவில்லை என்று வைத்துக்கொள் என்கிறது. ஏன். ஏனென்றால் எஞ்சினுக்குக் கேட்க ஆள் இல்லை. அதனால்தான். அது தானே தன் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு எழ வேண்டும், கேட்டுத் தெரிந்துகொள்ள அதற்குப் பக்கத்தில் யாரும் இல்லை. எனக்கு இருக்கிறாள். லைனில் இருக்கிறாள். பாத்து‌க்கிட்டேதான் இருந்தேன் என்கிறாள். புதன்கிழமை போறேன்னு சொன்னேன் என்று தனக்குப் பாதகமானதையும் மறைக்காமல் சொன்னவள். லாக் இதற்கு மேல் என்ன செய்துவிடும். விரல் சாவியின் மேல் நின்றது. இத்தனை வருஷத்தில் முதல் முறையாக எழுத்தில் இல்லாத ஒன்றை, வேண்டாம், அந்த வாக்கியத்தை முடிக்காதே, முடித்தால் கை பின்வாங்கும். பூஜ்யம். ஒன்று. அடித்தாள். அடித்ததைத் திரும்பப் படித்தாள், இடம் சரியா, அந்த பைட்டில் அது மூன்றாவது ஜோடியா நாலாவது ஜோடியா, மூன்றாவது, இரண்டு தரம் எண்ணினாள், மூன்றாவதுதான். பக்கத்தை மூடினாள். தாளை எடுத்து ஏழு வரி எழுதினாள், எண், நிலை, ஆதாரம். கதவு திறந்தது. பத்து ஐம்பது, அவன் இரண்டு நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டான்.

"என்ன மேடம், நிரப்பிரலாமா?"

"நிரப்பியாச்சு சார். எழுப்பலாம்."

ஜெயசீலன் நின்றபடியே தாளைப் படித்தான். ஆறு வரி வரைக்கும் கண் ஓடியது, ஏழாவதில் நின்றது. லாக்கில் இல்லை, லாக்கில் இல்லை, லாக்கில் இல்லை என்று ஆறு. ஏழாவதில், நடந்தது, ஆதாரம் இசக்கியம்மாள், அருகில் இருந்து பார்த்தவர், தொலைபேசியில், காலை 10.44.

"இது என்ன மேடம், வாய்ல சொன்னதா?"

"ஆமா சார்."

"லாக்ல இல்லாதது ஆடிட்ல நிக்காதே."

"நிக்காது."

"அதை ஏன் எழுதி வேற வெக்கிறீங்க? சும்மா நடந்துச்சுன்னு போட்டுட்டு விட்டா எவனுக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்ல சார். கீழ கையெழுத்துப் போட்டிருக்கேன். உங்க கையெழுத்து வேண்டாம்."

அவன் அவளையும் தாளையும் மாறிமாறிப் பார்த்தான். அவள் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசி அவன் கேட்டதில்லை. தாளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, "எழுப்புங்க" என்றான். பத்து ஐம்பத்து மூன்றுக்கு எஞ்சின் எழுந்தது. விசிறிகள் ஒரு சுருதி ஏறின. தலைநகரத்து மெஷின் வந்து பார்த்துவிட்டுப் போனது, ஒப்படைப்புச் செய்தி மூன்று போனது, மூன்று பெயரையும் படித்தாள், மூன்றாவது பெயர் இ-யில் தொடங்கியது, திரையில் விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தாள், இந்திராகாந்தி, வயது நாற்பத்தொன்று, தாயாரிடம். இசக்கியம்மாள் இல்லை. அறுபத்து மூன்று பேரின் பட்டியல் பதினான்கு வாசலுக்கும் போய்ச் சேர்ந்தது, பதினான்கு பச்சை. ஜெயசீலன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு காப்பி சொல்லட்டுமா என்றான், வேண்டாம் என்று அவள் போட்ட சத்தத்தில் அவனே ஓர் அடி பின்னால் போனான். பிறகுதான் மேசையில் மல்லாந்து கிடந்த போன் ஞாபகம் வந்தது. எடுத்துக் காதில் வைத்தாள். பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. வேறொரு சத்தம் வந்தது, இரும்பில் எதுவோ மோதும் சத்தம், ஒன்று விட்டு ஒன்று, நடுவில் ஓர் ஆணின் கத்தல், சொல் புரியவில்லை.

"அக்கா, இருக்கியளா?" குரல் தணிந்திருந்தது.

"இருக்கேன். உங்க முகவரி இங்கேருந்து போகல. போகாது. அங்க என்ன சத்தம்?"

"கேட்டை எவனோ மிதிக்கான்."

"அவனா?"

"அவன் சத்தம் இல்ல. ஆருன்னு தெரியல." மூச்சை இழுத்துக்கொண்டாள். "இங்க இருவத்தி ரெண்டு பேரும் எந்திரிச்சு நிக்கோம்க்கா. ஒவ்வொருத்தியும் தனக்கு வந்தவன்னுதான் நெனைக்கா."

"காவலாளிகிட்ட லிஸ்ட் வந்திருச்சு. பேரைக் கேட்டுப் பாக்கச் சொல்லுங்க."

போன் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனது, செருப்புச் சத்தம் ஓடியது, தூரத்தில் காவலாளியின் கிழட்டுக் குரல் பெயரைக் கேட்டது, மிதிப்பது ஒரு கணம் நின்றது, வெளியே இருந்தவன் தன் பெயரைச் சொன்னான், உரக்க, பெருமையாகச் சொன்னான், பிறகு கிழட்டுக் குரல் நிதானமாக, "இருக்குய்யா, உம் பேரு இருக்கு, தள்ளி நில்லு" என்றது, பூட்டின் மேல் இன்னொரு பூட்டு விழுந்தது. பிறகு அந்தப் பெயரைக் கேட்ட இருபத்திரண்டு பேரில் எவளோ ஒருத்தி மட்டும் தரையில் உட்காரும் சத்தம் கேட்டது.